தந்தை விட்டுச் சென்ற பெட்டி

தாயைப் பாடிய அளவுக்குத் தந்தையை நம் எழுத்தாளர்கள் பாடவில்லை. பாடியவர்களும் பெரும்பாலும் இரங்கற்பாவின் வாய்பாட்டைக் கடக்கவில்லை. வள்ளல், பண்பாளர், குணக்குன்று என அடைமொழிகள் அணிவகுத்து நிற்கும். மறைந்த மனிதரை மட்டும் அவற்றினிடையே காண இயலாது. பெயரை மாற்றினால் எவருடைய வாப்பாவுக்கும் பொருந்தும் புகழுரையால் யாருக்கு என்ன பயன்?

இக்குறையை உணரும் நமக்கு, துருக்கி எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக் நோபல் பரிசு பெற்றபோது 2006 டிசம்பர் 7 அன்று ஸ்டாக்ஹோமில் நிகழ்த்திய 'என் தந்தையின் பெட்டி' என்னும் பேருரை நல்லதொரு பாடமாகும். உலகமே செவிமடுத்த அந்த அவையில் அவர் பேச்சுக்கு மையமாக அமைந்தவர், 2002 டிசம்பரில் மறைந்த அவருடைய தந்தையே.

மறைவதற்கு ஈராண்டுகளுக்கு முன், தம் குறிப்பேடுகள் நிறைந்த சிறு பெட்டியொன்றைத் தந்தையார் மகனிடம் ஒப்படைக்கிறார். தமக்குப் பின் படித்துப் பார்க்குமாறு விளையாட்டுப்போல் சொல்லிச் செல்கிறார். மகனோ அதைத் திறக்க அஞ்சுகிறார். தந்தையின் எழுத்து பிடிக்காமற் போகுமோ என்னும் அச்சம் ஒருபுறம். அவர் நல்ல எழுத்தாளராக இருந்துவிட்டால் என்ன செய்வது என்னும் பேரச்சம் மறுபுறம்! இதை அவையறிய ஒப்புக்கொள்ளும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு?

தந்தையின் குறையையும் அவர் மறைக்கவில்லை. கவிஞராக விரும்பிப் பாரீசு விடுதியறைகளில் குறிப்பேடுகளை நிரப்பியவர், எழுத்து கேட்கும் தனிமையைத் தாங்க மனமின்றி நண்பர்களையும் வாழ்வின் இன்பங்களையும் நாடினார் என்கிறார். அதே நேர்மையுடன் தாம் பட்ட கடனையும் எண்ணிச் சொல்கிறார்: வீட்டில் இருந்த ஏறத்தாழ 1,500 நூல்கள், மகன் எழுத்தாளனாவதைத் தடுக்காத பெருந்தன்மை, முதல் நாவலின் தட்டச்சுப் பிரதியைப் படித்தபின் பேசாமல் கட்டித் தழுவிய அன்பு. இப்பரிசை ஒருநாள் மகன் பெறுவான் என்று அன்றே தந்தை சொன்னாராம். அது பலித்த நாளில் அவர் இல்லை.

குறிப்பேடுகளில் இருந்ததை விரித்துரைக்கவில்லையே என்று சிலர் குறை கூறலாம். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்து வந்த தந்தை, பெட்டி இடம் மாறியிருப்பதைக் காண்கிறார். கண்கள் சந்திக்கின்றன, மகன் ஒன்றும் சொல்லவில்லை, தந்தைக்குப் புரிந்துவிடுகிறது. தம் கூச்சத்தை இவ்வாறு வெளிப்படையாகச் சொன்னவர், தந்தையின் அந்தரங்கத்தைப் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்தார். அமானிதத்தைப் பேணும் முறை அதுவே.

நம் இல்லத்துப் பரண்களிலும் அத்தாமார்களின் கணக்கேடுகளும் கடிதக் கட்டுகளும் கிடக்கின்றன. கறையான் முந்திக்கொள்ளுமுன் அவற்றைத் திறந்து படிப்போமாக. காக்க வேண்டியதைக் காத்து, அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை உள்ளவாறு எழுதிவைப்போமாக.