பிளகின் போன பிறகு

2023 மார்ச் 17 அன்று பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்கள் அமையும் ஏழு மாநிலங்கள் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுப் பூங்காவுக்கான இடம் விருதுநகர் மாவட்டத்துக் குமாரலிங்கபுரம். வானம் பார்த்த அந்தப் பூமியில் 1,052 ஏக்கர். ஆறு நாள் கழித்து, மார்ச் 23-இல், ஓப்பன்ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்ற தன் சாட்பாட்டை வெளிச் சேவைகளோடு இணைக்கும் பிளகின்களை அறிவித்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பூங்காவை நம்பித் தொழில் தொடங்குகிறவர் இருபது வருடக் கணக்குப் போடுவார். அவர் தன் வேலைக்கு நம்பியிருக்கக்கூடிய பிளகினோ 2024 ஏப்ரல் 9-இல், பதின்மூன்று மாதம்கூட நிறையாமல், நின்றுபோனது. இந்த இடைவெளியை மனத்தில் வைத்துத்தான் போன பிளகினுக்கு மாற்றுத் தேடும் பழக்கத்தை எடைபோட வேண்டும்.

அன்றைய சாட்ஜிபிடிக்கு வெளியுலகம் தெரியாது. 2021 செப்டம்பர் வரையிலான தகவலே அதன் கைவசம் இருந்தது. கணக்குக்கு உல்ஃப்ராம், பயணச்சீட்டுக்கு எக்ஸ்பீடியா, பிற செயலிகளோடு இணைக்க ஸேப்பியர் என்று பிளகின்கள் அந்தக் குறையைத் தீர்த்தன. பிடிஎஃப் படிக்கவும் தனியே பிளகின்கள் வந்தன. ஒரே உரையாடலில் மூன்றைச் சேர்த்து ஓட்டலாம். மாதம் 20 டாலர் கட்டியவர்களுக்கு அது பெரிய வசதி.

மாற்றாக நிறுவனம் காட்டியது 2023 நவம்பர் 6-இல் அறிமுகமான, ஒரு வேலைக்கென வடிவமைக்கும் சாட்பாட்களான ஜிபிடிகளை. இந்த மாற்றத்தில் உண்மையான லாபம் உண்டு. கோப்பைப் படிப்பது, இணையத்தில் தேடுவது, கணக்குப் போடுவது மூன்றும் சாட்பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. அருப்புக்கோட்டைச் சேலை உற்பத்தியாளர் ஒருவர் ஆங்கில ஆர்டர் ஒன்றைப் புரிந்துகொள்ள, முன்பின் தெரியாத பிளகின் நிறுவனத்திடம் கோப்பை ஒப்படைக்க வேண்டியதில்லை. விலையும் அளவும் அடங்கிய வியாபாரத் தாள் கடக்கும் கைகளில் ஒன்று குறைந்தது. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவரும் தன் வேலைக்கேற்ற குறிப்புகளைத் தமிழிலேயே எழுதி ஒரு ஜிபிடி செய்துகொள்ள முடிந்தது.

இழப்பும் சிறியதல்ல. பயனாளர் தன் விருப்பப்படி மூன்று பிளகின்களைக் கோத்துக்கொண்ட சுதந்திரம் போயிற்று. ஜிபிடியில் எது எதோடு சேரும் என்பதை அதைச் செய்தவரே தீர்மானிக்கிறார். 2024 மார்ச் 19-இல் பிளகின்களோடு புதிய உரையாடல் தொடங்கும் வழி அடைக்கப்பட்டது; மூன்று வாரத்தில் பழையவையும் நின்றன. பிளகினுக்காக எழுதிய ஏபிஐ (செயலிகள் ஒன்றோடொன்று பேசும் வழி) விவரக் கோப்பை ஜிபிடியின் வெளி இணைப்பு வசதியான ஆக்‌ஷன்களில் மறுபடி பயன்படுத்த முடிந்தது என்பது உண்மை. ஆனால் வழியே மாறும்போது யார் தாக்குப்பிடிக்கிறார்கள்? 2023-இன் முதல் பிளகின் பட்டியலில் இருந்த எக்ஸ்பீடியா, 2025 அக்டோபரில் சாட்ஜிபிடிக்குள் வந்த புதிய ‘ஆப்’களின் பட்டியலிலும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் திருத்தி எழுத அவர்களிடம் ஆள் இருக்கிறது. தனியாளாக உட்கார்ந்து தமிழுக்கென ஒன்றைச் செய்தவரிடம் இல்லை. மாற்று வந்துவிட்டது என்ற அறிவிப்பு அவருடைய இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

பயனாளர்கள் செய்யும் பெரிய பிழை, போன பிளகினின் பெயரிலேயே இன்னொன்றைத் தேடுவது. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலை ஒன்றாகிவிடாது. அந்தப் பிளகின் என்ன செய்தது என்று முதலில் பிரிக்க வேண்டும். படித்ததா, கணக்கிட்டதா, வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்ததா? முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் மாற்றே தேவையில்லை. மூன்றாவதற்குத்தான் தேவை. அங்கும் நூல் விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம், சாட்பாட்டுக்கு எழுதிய குறிப்புகள் எல்லாம் சொந்தக் கணினியில் இருந்தால், மாற்றுவது ஒரு நாள் வேலை. அவை பழைய உரையாடல்களுக்குள் மட்டும் கிடந்தால், கருவியோடு சேர்ந்து உழைப்பும் போகும். விசைத்தறி வாங்குகிறவர் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. இங்கும் அந்த விசாரணை தேவை.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி என்ற திறந்த நெறிமுறை எனக்கு நம்பிக்கை தருகிறது. ஒருமுறை எழுதிய இணைப்பைப் பல சாட்பாட்களில் பயன்படுத்த அது வழிசெய்கிறது. 2025-இல் ஓப்பன்ஏஐயும் அதை ஏற்றது. புதிய ஆப்கள் அதன்மீதே கட்டப்பட்டவை. ஒரு நிறுவனம் கதவடைத்தாலும் உழைப்பு வீணாகாத நிலைமைக்கு இதுவரை வந்தவற்றில் இதுவே மிக அருகில் இருக்கிறது. ஆனால் நெறிமுறைதான் பொது. தன் சாட்பாட்டுக்குள் எந்த ஆப்பைப் பட்டியலிடுவது, எதை நீக்குவது என்ற முடிவு இன்னமும் அந்தந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.