ஒப்பாரியும் ராப்பும்

பழையதும் புதியதும் ஓரிடத்து ஒலிப்பதனால் மட்டும் கலப்பிசை சிறப்புடையதாகாது. பழையது தன் குரலை இழவாது நிற்றலே அதற்கு உரைகல். இதற்கு மேல்நாட்டுச் சான்று ஒன்று காட்டுவாம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்தது ஜாஸ் இசை. அவர்தம் வழிவந்த இளைஞர் 1970களில் நியூயோர்க் நகரில் வளர்த்தது ஹிப்-ஹொப். தாளத்திற்கியைய விரைந்து சொல்லடுக்கும் ராப் இதன் உயிர்நாடி. ஹிப்-ஹொப் இசைஞர் பலர் பழைய ஜாஸ் இசைத்தட்டுகளின் துணுக்குகளையே எடுத்தாண்டனர். 1993இல் 'குரு' என்னும் பெயர் பூண்ட ராப் கலைஞர், 'ஜாஸ்மடாஸ்' என்னும் தொகுப்பிலே டொனால்ட் பேர்ட், ரோய் அயர்ஸ் முதலிய மூத்த ஜாஸ் கலைஞரையே அழைத்து இசைக்கச் செய்தார். துணுக்காயிருந்தோர் துணைவராயினர்.

தமிழில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது, 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் அறிவும் தீயும் பாடியது. ஈண்டு ராப்போடு கூடுவது ஜாஸ் அன்று, ஒப்பாரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே பாடலின் வித்து என அறிவு கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. அப்பிரிவுத் துயரை அறியாத லயம் ஊவாவில் அரிது. ஆதலின் இப்பாடல் எமக்கு அயலார் பாட்டன்று.

ஆடத் தூண்டும் தாளத்தில் அழுகையை அமைத்தது பொருந்தாது என்பர் சிலர். தோட்டத்தை அறிந்தார் அங்ஙனம் கூறார். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பே. மாரியம்மன் திருவிழாவில் முழங்குவதும், இறந்தாரை வழியனுப்புவதும் அதுவே. அடிமுறை வேறு, கருவி ஒன்று. ஆட்டமும் அழுகையும் எம்மவர் செவிக்கு முரணாகா.

எனினும் ஒரு குறையுண்டு. பல்லவியின் கவர்ச்சி மிக்கமையால், பின்னே வரும் ஒப்பாரிக்குச் செவிகொடாது ஆடுவோர் பலராயினர். யான் கற்பிக்கும் வகுப்பிலே பல்லவியைப் பிழையின்றிப் பாடிய மாணவருள், தம் பாட்டிமாரின் ஒப்பாரியில் ஓரடியேனும் சொல்ல வல்லார் ஒருவரும் இலர். குறை பாடலினுடையதோ, எம்முடையதோ என அன்று எண்ணினேன்.

மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்து சி. வி. வேலுப்பிள்ளை வழிகாட்டினார். எஞ்சியவற்றைப் பாடுவோர் பெயரும் ஊரும் குறித்து எழுதிவைத்தல் இக்கல்லூரி இளைஞரின் கடன். பாட்டியின் குரல் மறைந்தபின், பேரன் எதனோடு கூடிப் பாடுவான்?