வாசலில் வாங்கிவைத்த போன்

ராத்திரி முழுக்க ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வருகிறார்கள், கைத்தவறு வராமல் என்ன செய்யும்? சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் இந்தப் பேச்சு இப்போது உடனே எழுகிறது.

வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் செல்போன் கூடாது. அதை வாசலிலேயே வாங்கிவைப்பது சரி. தூக்கம் கெட்டவர் மருந்தைத் தொடக் கூடாது என்பதும் சரி.

ஆனால் போன் பார்த்தால் வேலை கெடும் என்ற அலுவலகக் கணக்கை மருந்து அறைக்குக் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியாது. மாதச் சம்பளக்காரர் அரை மணி நேரம் முகநூலில் இருந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. மருந்து செலுத்தும் பெண்ணுக்கோ பீஸ் ரேட் கூலி. கை நின்றால் அவருக்குத்தான் நட்டம். அவரை வேலையில் முடுக்கிவிட யாரும் வேண்டியதில்லை, அந்தக் கூலியே முடுக்கும். இங்கே ஆபத்து வேகத்தில் இருக்கிறது. எண்ணிக்கை ஏற ஏற உராய்வு ஏறும். தீபாவளி நெருங்க நெருங்க அறைக்குள் ஆளும் மருந்தும் கூடும். ஈரம் கண்ட அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் யாரும் தொடாமலே சூடேறும். வேறு தொழிலில் திறமை என்று பாராட்டப்படும் வேகம் இந்தத் தொழிலில் உயிரை வாங்குகிறது.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் அவர்களில் உண்டு. தொழிலாளர் கைகளில் ஸ்மார்ட்போன் பரவாத காலம் அது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது எழுந்த கேள்வி உள்குத்தகையைப் பற்றியது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாதென்று விதி இருக்கிறது. அதை மீறுவது வாட்ஸ்அப் பார்க்கும் தொழிலாளியா? உரிமத்தை அறை அறையாகக் கூறுபோட்டு விடுபவரைக் கேட்காமல் போனைக் குற்றவாளியாக்குவது, செத்தவர் மீதே பழி போடுவது. இதை நான் மன்னிக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெடித்த செய்தி ஊருக்கு வாட்ஸ்அப்பில்தான் முதலில் வருகிறது. பிள்ளைகள் அம்மாவை அழைக்கிறார்கள். மணி அடிப்பது வாசல் பெட்டியில்.

அந்த வாசலிலேயே அன்றன்றைக்கு எந்த அறையில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்று எழுதிய பலகையை வையுங்கள். குடும்பத்தார் அழைத்தால் எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆளை நிறுத்துங்கள். மருந்து அறையில் பீஸ் ரேட்டை ஒழித்து நாள்கூலி கொடுங்கள்.