ரத்து செய்யப்பட்ட எதிர்காலம்

ஓஎம்டி என்ற ஆங்கில இசைக்குழுவின் பாட்டில் பல்லவி வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் சொற்கள் இருக்காது. சிந்தசைசர் மெட்டு ஒன்று வந்து நிற்கும். ஒற்றை விரலால் வாசித்துவிடலாம் போன்ற எளிய மெட்டு. 1978-இல் லிவர்பூல் பக்கம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் அவர்கள் கையெழுத்து.

1983-இல் ‘டாஸில் ஷிப்ஸ்’ ஆல்பத்தில் சிற்றலை வானொலி ஒலிகளையும், தொலைபேசியில் மணி சொல்லும் குரல்களையும் வெட்டி ஒட்டினார்கள். விற்பனை படுத்தது. பயந்துபோய் இனிப்பான பாடல்களுக்குத் தாவினார்கள். (அவற்றிலும் நல்லவை உண்டு, மறுக்கவில்லை.)

முப்பது ஆண்டு கழித்து, 2013-இல், ‘இங்கிலிஷ் எலெக்ட்ரிக்’ ஆல்பம். தொடக்கத்தில் பாட்டே இல்லை. அறிவிப்புக் குரல் ஒன்று, எதிர்காலமே ரத்து என்று நிதானமாகச் சொல்கிறது. அதிலுள்ள ‘கிஸ்ஸிங் த மெஷின்’ பாடலோ, ஜெர்மன் மின்னிசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் முன்னாள் கலைஞர் கார்ல் பார்டோஸும் ஓஎம்டியின் பாடகர் ஆண்டி மெக்லஸ்கியும் தொண்ணூறுகளில் சேர்ந்து எழுதியது. 1975-இல் லிவர்பூலில் கிராஃப்ட்வெர்க் கச்சேரியைக் கேட்டுக் கிறங்கிய பதினாறு வயதுப் பையன்தான் இந்த மெக்லஸ்கி.

பழைய ஒலிக்குத் திரும்பும் குழுக்கள் பெரும்பாலும் பழைய வெற்றியைத்தான் நகலெடுக்கும். இவர்கள் தோற்ற ‘டாஸில் ஷிப்ஸ்’ ஆல்பத்தைத் தேடிப்போனார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.