கூடிக் கற்றலும் கணினித் திரையும்

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆசான் உரைப்பதைப் பிழையறக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து ஆராய்வதால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப் பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும் என்பது அவர் கணக்கு. இதனைப் பள்ளிப் பருவத்தில் நெட்டுருப் போட்டு, தேர்வில் எழுதி, பின்னர் மறந்தவர் பலர். ஆயின் பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தை இக்கணக்கால் அளந்து பார்ப்பின் ஓர் உண்மை புலனாகும். இருநூறு மாணவர் வரிசையாய் அமர்ந்து குறிப்பெடுக்க, ஒருவர் மேடையில் நின்று பேசும் அம்மண்டபம் முதற்கால் ஒன்றுக்கே கட்டப்பட்டது. மற்ற முக்கால் பங்கும் விடுதி அறையிலும் சிற்றுண்டிச் சாலையிலும் மரத்தடியிலும் நிகழ்ந்தால் உண்டு, நிகழாவிட்டால் இல்லை.

இணையவழிக் கூட்டுக் கருவிகளைப் பல்கலைக்கழகத்திற் புகுத்தியோர் இந்த முக்கால் பங்கையே தம் பொருளாகக் கொண்டனர். மாணவர் தத்தம் இடத்திலிருந்து கருத்தெழுதி மறுமொழி பெறும் கலந்துரை அரங்கு, பலர் ஒரே ஏட்டில் எழுதத்தகும் கூட்டேடு, முகம் பார்த்துப் பேசும் திரைச் சந்திப்பு ஆகிய யாவும் கூடிக் கற்பதற்கே வந்தன என்பர். அங்ஙனமாயின் அவற்றைச் சோதித்துப் பார்த்த முயற்சிகளையும் அந்த அளவுகோல் கொண்டே மதிப்பிடுதல் முறையாகும். எத்தனை பேர் நுழைந்தனர், எத்தனை செய்திகள் எழுதப்பட்டன, எத்தனை பேர் மகிழ்ந்தனர் என்று கணக்குக் காட்டும் அறிக்கைகள் பல வந்துள்ளன. கோயிலில் எத்தனை செருப்புகள் இருந்தன என்று எண்ணிப் பக்தியை அளப்பது போன்றது அது.

இத்துறையில் மூத்தது அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துப் பிளேட்டோ என்னும் அமைப்பு. 1960-ல் டொனால்டு பிட்சர் தொடங்கிய அதன் நோக்கம், கணினி பாடம் சொல்வதும் மாணவர் விசையைத் தட்டி விடை கூறுவதுமேயாகும். மாணவர் ஒருவரோடொருவர் பேசுவது அதன் திட்டத்தில் இல்லை. அமைப்பிற் காணும் பழுதுகளை எழுதி வைக்க ஒரு பொது ஏடு மட்டும் இருந்தது. அதில் யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம், எழுதியவர் இன்னார் என்பதற்குச் சான்றில்லை. 1973-ல், பதினேழு வயதினரான டேவிட் ஊலி இக்குறையைப் போக்க முனைந்தார். எழுதுவோர் பெயரும் நாளும் தாமே பதிவாகவும், ஒவ்வொரு குறிப்பின் கீழும் மறுமொழிகள் வரிசையாய் நிற்கவும் ‘நோட்ஸ்’ என்னும் நிரலை ஆக்கினார். பழுது சொல்ல வந்த இடம் விரைவில் எல்லாப் பொருளும் பேசும் சாவடியாயிற்று. இன்று பல்கலைக்கழகங்களில் வழங்கும் கலந்துரை அரங்கின் உருவம் பெரிதும் அதுவே. கல்வியாளர் எவரும் திட்டமிட்டுப் பெற்ற குழந்தையன்று இது.

திட்டமிட்ட சோதனை என்று கூறத்தக்கது நியூ ஜெர்சித் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்ததாகும். அங்கு மர்ரே டூரோஃப் 1970-களில் அறிஞர் குழுக்கள் கணினிவழிக் கூடி ஆராய்வதற்கென ஓர் அமைப்பை உருவாக்கியிருந்தார். அதனை வகுப்பறையாக மாற்றியவர் சமூகவியலாளரான ஸ்டார் ராக்சேன் ஹில்ட்ஸ் அம்மையார். 1980-களின் நடுவில், சமூகவியல், புள்ளியியல், கணினியியல் முதலிய பாடங்களை நேர் வகுப்பிலும் ‘மெய்நிகர் வகுப்பறை’யிலும் நடத்தி, இரண்டையும் ஒப்பிட்டார். அம்முறையே பாராட்டுக்குரியது. புதியதைப் பழையதோடு நிறுத்துப் பாராமல் புதியது நன்று என்று கூறுவது இத்துறையில் அந்நாளிலும் வழக்கம், இந்நாளிலும் வழக்கம்.

அவர் கண்ட முடிவு பெரு வெற்றியுமன்று, தோல்வியுமன்று. பாடப்பொருளை அறிந்துகொண்டதில் இரு சாராருக்கும் பெரும்பாலும் வேறுபாடு இல்லை. தாமே முனைந்து கற்கும் முதிர்ச்சியுடைய மாணவர் திரைவழியில் மிகுபயன் பெற்றனர். நாளை பார்ப்போம் என்று ஒத்திவைப்பவர் நேர் வகுப்பிலிருப்பதைவிடப் பின்தங்கினர். இதனை அம்மையார் மறைக்கவில்லை. எனினும் ஒரு குறை சொல்லாதிருக்க இயலாது. இரு வகுப்பாரையும் ஒப்பிடப் பெரிதும் தேர்வு மதிப்பெண்ணே கொள்ளப்பட்டது. தேர்வு பெரிதும் அளப்பது ஆசான் உரையிற் கொண்ட காற் கூற்றை. முக்கால் பங்கினை நோக்கி வந்த கருவியை முதற்கால் அளக்கும் தராசில் வைத்தால், ‘வேறுபாடு இல்லை’ என்றே முள் காட்டும்.

அச்சோதனையின் மெய்யான அணி வேறொன்று. ஆசிரியர் ஒரு வினாவை இட்டால், மாணவர் தம் விடையை எழுதிய பிறகே பிறர் விடைகளைக் காணுமாறு அவ்வமைப்பில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. மனக்கணக்குப் பாடத்தில் விடையை எழுதியதும் சிலேட்டைக் கவிழ்த்து வைக்கச் சொல்லும் ஆசிரியர்கள் தோட்டப் பள்ளிகளில் இருந்தனர். எல்லாரும் எழுதி முடித்தபின் ஒருசேரத் திருப்பச் சொல்வர். முன் வாங்குக்காரன் விடை பின் வாங்குக்குப் பரவாது; வாய் திறவாத பிள்ளையின் சிலேட்டிலும் ஓர் எண் இருக்கும். அதே நுட்பத்தைக் கணினிக்குள் வைத்தது பெரிய காரியம். கருவி புதிது, அதற்குள்ளிருந்த அறிவு வகுப்பறையில் முதிர்ந்த அறிவு.

அடுத்து ஆங்கிலநாட்டுத் திறந்த பல்கலைக்கழகம். 1969-ல் அரச சாசனம் பெற்ற அக்கழகத்தின் மாணவர் தபாலில் வரும் பாடநூலையும் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பையும் நம்பி அந்நாளில் வீட்டிலிருந்து கற்றனர். அவர்க்கு உடன் பயில்வார் என்று ஒருவர் அருகில் இல்லை. ஆகவே கூட்டுக் கருவியின் தேவை அங்கே மெய்யானது. 1988-ல் தகவல் தொழில்நுட்பத்தின் சமூகச் சிக்கல்களை ஆராயும் ஒரு பாடத்தில், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகம் ஆக்கிய ‘கோசி’ என்னும் கலந்துரை அமைப்பு ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்க்கு அளிக்கப்பட்டது. வீட்டுக் கணினியைத் தொலைபேசிக் கம்பியில் இணைத்து அவர் எழுதினர். எழுதும் நேரமெல்லாம் தொலைபேசிக் கட்டணமும் ஓடிற்று.

இதனை ஆராய்ந்த ராபின் மேசன் அம்மையார் கண்டது, பின்னர் எங்கும் காணப்பட்டதேயாம். ஒரு சாரார் ஊக்கத்தோடு எழுதினர்; ஒரு சாரார் எழுதாமல் வாசித்துச் சென்றனர்; ஒரு சாரார் எட்டியும் பார்க்கவில்லை. எழுதாமல் வாசித்தவரைச் சோம்பர் என்று ஒதுக்கியோர் உண்டு. அது முறையன்று. பிறர் ஆராய்வதைக் கேட்டிருப்பதும் ஒரு பயிற்சியே. தன் ஐயத்தையே வேறொருவர் கேட்டு விடை பெறக் கண்டவன் மீண்டும் அதைக் கேட்க வேண்டுவதில்லை. தனியே வீட்டிலிருந்து கற்பவனுக்கு, தன்னைப்போல் இடர்ப்படுவோர் வேறு பலரும் உளர் என்ற அறிவே பெருந்துணை. ஆனால் எடுத்துரைத்தலால் வரும் அரைப் பங்கு மட்டும் அவனுக்கு வாராது. ஆக, ஒரே அரங்கம் ஒருவனுக்குக் காலும் மற்றொருவனுக்கு முக்காலும் வழங்குகிறது. இவ்வேறுபாட்டைச் செய்தி எண்ணிக்கை காட்டாது.

எட்டியும் பாராதவர் ஏன் பாராதிருந்தார் என்பது வேறு கேள்வி. கலந்துரை அப்பாடத்தில் ஒரு துணைக்கூறாகவே இருந்தது. நூலைப் படித்துக் கட்டுரை எழுதினால் பாடம் தேறலாம் என்ற நிலையில், வேலை முடிந்து இரவில் அமரும் மாணவன் எதைக் கைவிடுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மருந்தாகப் பிற்காலத்துப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்புக்கு மதிப்பெண் வைத்தன. நோய் நீங்கிற்று, மருந்தின் தீமை புகுந்தது. வாரம் இரண்டு மறுமொழி கட்டாயம் என்றதும், ‘தங்கள் கருத்து மிக நன்று, அதனை ஏற்கிறேன்’ என்னும் வரிகள் அரங்கை நிறைத்தன. நன்னூல் கடை மாணாக்கர்க்கு உவமையாக்கிய ஆடு செடிக்குச் செடி ஒரு வாய் கடித்து ஓடும். மதிப்பெண்ணுக்காக அதை ஓட்டிவிட்டவர் ஆசிரியரே.

இந்நிலையில் கனடாவின் அல்பெர்ட்டாவில் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் என்னும் மூவர் 2000-ஆம் ஆண்டையொட்டிச் செய்த ஆய்வு நினைக்கத்தக்கது. அவர்கள் செய்திகளை எண்ணாமல் பிரித்தறிந்தனர். ஐயம் எழுப்புதல், தேடி ஆராய்தல், பலவற்றை இணைத்தல், முடிவு காணல் எனச் சிந்தனைக்கு நான்கு படிகள் வகுத்து, எழுதப்பட்டவை எப்படியில் நிற்கின்றன என்று நோக்கினர். பெரும்பகுதி இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டது. முடிவு கண்டவை மிகச் சில. மேலேற்றுவது ஆசிரியரின் இடையீடு என்பது அவர் கருத்து. அதே காலத்தில் கில்லி சால்மன் அம்மையார், திறந்த பல்கலைக்கழக அனுபவத்தைக் கொண்டு, மாணவரைப் படிப்படியாக நடத்திச் செல்லும் ஐந்து நிலைகளை நூலாக எழுதினார். அவருடைய படிகள் வாய்பாடு போல் சற்று மிகை ஒழுங்குடையன. எனினும் நுழைவதற்கும் பழகுவதற்கும் நாள் கொடாமல், முதல் வாரமே ஆராயச் சொல்வது வீண் என்று அவர் வற்புறுத்தியது உண்மை.

இவ்விரண்டும் கூறுவது ஒன்றே. முப்பது மாணவர் எழுதுவதை நாள்தோறும் வாசித்து, இடமறிந்து ஒரு வினாத் தொடுத்து, சிதறியதைத் தொகுத்துத் தரும் ஓர் ஆசிரியர் வேண்டும். அது விரிவுரையிலும் மிகுந்த உழைப்பு. கருவிக்கு உரிமக் கட்டணம் ஒதுக்கும் பல்கலைக்கழகம் அவ்வுழைப்புக்கு மணிக்கணக்கு ஒதுக்குவது அரிது. 2008-ல் மனிட்டோபாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்சும் ஸ்டீபன் டவுன்சும் நடத்திய பாடத்தில் கட்டணம் செலுத்தியோர் 25 பேரளவே. கட்டணமின்றிச் சேர்ந்தோர் 2,000-க்கு மேல். அவர்கள் தமக்குள் எழுதி விவாதித்தனர் என்பது அதன் சிறப்பு. பிறகு 2011-ல் ஸ்டான்போர்டு ஆசிரியர் இருவர் நடத்திய செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தனர். அங்கே கலந்துரை தேய்ந்து, காணொளியும் தாமே திருத்தும் வினாத்தாளும் மிஞ்சின. மண்டபம் பெரிதாயிற்று, கூறு பழைய காலே.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2020-ல் நிகழ்ந்ததைச் சோதனை என்று சொல்லுவதற்கில்லை, அது நிர்ப்பந்தம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் பிப்ரவரியிலேயே பெரிய வகுப்புகளை இணையத்துக்கு மாற்றிற்று. மலேசியாவில் மார்ச்சு 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மே மாதத்தில், ஆண்டிறுதி வரை பல்கலைக்கழகக் கற்பித்தல் இணையவழியே என்று அறிவிக்கப்பட்டது. ஆசிரியர்கள் இரவு பகலாய் உழைத்தனர் என்பதை மறுப்பார் இல்லை. ஆயினும் பெரும்பாலார் கையிற் கிடைத்ததும் கையாண்டதும் நேரடித் திரைச் சந்திப்பே. ஏனெனில் அது விரிவுரை மண்டபத்தை ஒத்திருந்தது. படம் அணைத்த கறுப்புக் கட்டங்களை நோக்கி ஒருவர் பேச, மற்றவர் கேட்டனரோ உறங்கினரோ அறிதற்கில்லை.

அக்காலத்தில் விடுதி மூடப்பட்டுத் தோட்டப்புறத்து வீட்டுக்கும் கம்பத்துக்கும் உட்பகுதிக்கும் திரும்பிய மாணவர் நிலை வேறு. ஒரு கைப்பேசியைத் தம்பியும் தங்கையும் தம் பள்ளிப் பாடத்துக்கும் கேட்பர். மாதத்துக்கு வாங்கிய டேட்டா வாரத்தில் தீரும். சபாவில் ஒரு மாணவி அலைவரிசை தேடித் தேர்வுக்காக மரத்தின் மேல் தங்கிய செய்தி அவ்வாண்டு சூனில் நாடு முழுதும் பேசப்பட்டது. அவர் சொல் மெய்யா என்று சிலர் வழக்காடினரே தவிர, எழுத்துவழி நடத்தத்தக்க பாடத்துக்கு நேரலை எதற்கு என்று கேட்டவர் குறைவு. ஒரு மணி நேரத் திரைச் சந்திப்புக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் வேண்டும். ஒரு பக்க எழுத்துக்குச் சில ஆயிரம் பைட் போதும். 1973-ல் பிளேட்டோவிலும் 1988-ல் தொலைபேசிக் கம்பியிலும் ஓடிய எழுத்துக் கலந்துரை, மெல்லிய அலைவரிசையிலும் ஓடும். கிடைத்த நேரத்தில் வாசித்து, சிந்தித்து, அலை கிடைக்கும்போது அனுப்பலாம். முப்பதாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் நூல்களில் இருந்தது. வேண்டிய நாளில் அது எடுக்கப்படவில்லை என்பதே இக்காலத்தைப் பற்றிக் கூறவேண்டிய கடுஞ்சொல். மாணவரோ தமக்குள் வாட்சாப்பில் குழு அமைத்து ஐயம் தீர்த்துக்கொண்டனர். கூடிக் கற்றல் நிகழ்ந்தது. ஆசிரியர் அதற்கு வெளியே இருந்தார்.

கருவிகள் நிலையற்றவை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. 2009-ல் பெரும் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்ட கூகிள் வேவ், அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. அவற்றைக் கொண்டு பாடத்திட்டம் வகுத்தோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர்.

நிலைத்து நிற்பனவற்றுள் ஒன்று மூடில். அதனை 2002-ல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸ், ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத் தொலைவில் இருக்க, சிற்றலை வானொலிவழி ஆசிரியர் குரல் கேட்டுப் படித்தவர். மலேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் அவர் அமைப்பே வழங்குகிறது. அதன் கலந்துரை அரங்குகளில் வினா-விடை அரங்கு என்று ஒரு வகை உண்டு. மாணவர் தம் விடையை இட்ட பின்னரே பிறர் விடை திறக்கும். ஹில்ட்ஸ் அம்மையார் வகுப்பின் கவிழ்த்த சிலேட்டு அங்கே அப்படியே இருக்கிறது. அரங்கைத் தொடங்கும் ஆசிரியர் பட்டியலிலிருந்து அதனைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிடில் எல்லார்க்கும் திறந்த பொது அரங்கே வந்து நிற்கும்.