‘லைன்’: ஒரு சொல்லை எப்படி ரசிப்பது?

பாட்டை ரசிக்கக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திண்டுக்கல் பிரியாணியை ரசிக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட அதிகம் பேர். ஒரு சொல்லை ரசிக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும், அது புலவர் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்றால் இரண்டு பக்கமும் அடி. தமிழ்ப் பற்றாளருக்கு அது களை, ஆங்கிலம் படித்தவருக்கு அது கொச்சை. இரண்டுமே காது கொடுத்துக் கேட்காதவர்களின் தீர்ப்பு. நம் திண்டுக்கல்லின் நாகல் நகரிலும் பேகம்பூரிலும் காலை முதல் இரவு வரை புழங்குகிற ‘லைன்’ என்ற ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து போனாலே போதும், தமிழ் இலக்கணம் ஏட்டில் இல்லை, வாயில் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடலாம். இந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ஆளிச்செடியைக் குறிக்கும் ‘லினும்’. அந்த நாரில் திரித்த நூல், பிறகு கயிறு, கயிறு பிடித்து இழுத்த கோடு, கோட்டில் நின்ற வரிசை, வரிசையாய்ப் போட்ட தடம், தடத்தோடு ஓடிய கம்பி என்று ஆங்கிலத்தில் பொருள் வளர்ந்தது. நம் ஊருக்கு 1870களில் ரயிலோடு வந்து, அப்புறம் மின்சாரத்தோடும் தொலைபேசியோடும் திரும்பத் திரும்ப வந்தது. திருச்சி, மதுரை, கரூர், பழனி என்று நான்கு லைன் கூடுகிற சந்திப்பு நம் ஊர். வரலாறு இவ்வளவு போதும். இதற்கு மேல் எத்தனை பொருள் என்று எண்ணத் தொடங்குவது வீண் வேலை. ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள் என்ற தகவலை வாய்பிளந்து பரப்புகிறவர்களுக்கும், தினம் ஒரு சொல் என்று வாட்ஸ்அப்பில் அட்டை அனுப்புகிறவர்களுக்கும் சொல்லின் மேல் ஆசை கிடையாது. எண்ணிக்கையின் மேல்தான் ஆசை.

ரசிக்க வேண்டியது, இத்தனை பொருள் இருந்தும் யாருக்கும் குழப்பம் வராமல் பேச்சு ஓடுகிறதே, அந்த அதிசயத்தை. இதற்கான கருவியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலேயே கொடுத்துவிட்டார். பல பொருள் கொண்ட ஒரு சொல்லை அவர் இரண்டாகப் பிரிக்கிறார்: கூட வரும் வினையால் பொருள் பிரிவது ஒன்று, வினையாலும் பிரியாதது இன்னொன்று. பிரிவதற்கு உதவுகிறவை வினை, இனம், சார்பு என்ற மூன்று. மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் குதிரை. அதே அளவுகோலை ‘லைன்’ மேல் வைத்துப் பாருங்கள். லைன் இழுத்தால் மின்கம்பி, லைன் கிடைக்காவிட்டால் தொலைபேசி, லைன் அடித்தால் காதல் முயற்சி: இது வினை. “போஸ்ட்டும் லைனும் சாஞ்சிருச்சு” என்றால் பக்கத்தில் நிற்கிற ‘போஸ்ட்’ சொல்லிக்கொடுத்துவிடுகிறது: இது இனம். ரேஷன் கடை வாசலில் நின்றுகொண்டு “லைனைப் பாரு” என்றால் யாரும் மேலே கம்பியைப் பார்ப்பதில்லை: இது சார்பு.

இதைவிட நுட்பமான ஓர் இடம் இருக்கிறது. யாரும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம். இந்தச் சொல்லின் முழு ருசியும் அங்கேதான். ‘லைன்ல’ என்பதற்கும் ‘லைனுக்கு’ என்பதற்கும் நடுவில் உள்ள தூரம் அது. “லைன்ல நிக்கிறாரு”, “லைன்ல இருங்க”, “பழனி லைன்ல வேலை நடக்குது”, “லைன்ல கரண்ட் இருக்கு” என்று ‘ல’ வருகிற இடமெல்லாம் லைன் ஏற்கெனவே அங்கே கிடக்கிறது; மனிதரோ மின்சாரமோ அதற்குள் இருக்கிறது. “லைனுக்குப் போயிருக்காரு” என்று சொல்லிப் பாருங்கள், உலகமே மாறிவிடுகிறது. மொத்த வியாபாரியிடம் வேலை செய்கிறவர் நத்தம் பக்கமோ வத்தலக்குண்டு பக்கமோ கடை கடையாக ஆர்டர் எடுக்கப் போயிருக்கிறார். அல்லது பைனான்ஸ்காரர் நோட்டும் பையுமாக வட்டி வசூலுக்குக் கிளம்பிவிட்டார். இங்கே லைன் என்பது கோடும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு மனிதரின் அன்றைய பிழைப்பு. காட்டுக்குப் போனார், தறிக்குப் போனார், டூட்டிக்குப் போனார் என்று தமிழ் தன் உழைப்பையெல்லாம் சொல்கிற அதே நான்காம் வேற்றுமையில் இந்த வந்தேறிச் சொல்லுக்கும் இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. “செவ்வாய்க்கிழமை வேடசந்தூர் லைன்” என்று ஒருவர் சொன்னால் அதில் இடம், கிழமை, வேலை மூன்றும் அடங்கிவிட்டன.

தொலைபேசியிலும்தான் “லைனுக்கு வாங்க” என்கிறோம், பிறகு இந்தப் பாகுபாடு எப்படி நிற்கும் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. தொலைபேசிக்கு ‘லைனுக்கு வா’ உண்டு, ‘லைனுக்குப் போ’ கிடையாது. பிழைப்புக்கு ‘லைனுக்குப் போ’ தான். வேற்றுமை விட்டுவைத்த இடைவெளியை வினை வந்து அடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாரும் கற்பிக்காத இந்த விதியை, இலக்கணமே தெரியாது என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவரும் ஒரு தடவைகூடத் தவறவிடுவதில்லை. இதைத் தங்கிலீஷ் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் விமர்சகர்கள் எதைத் தள்ளுகிறோம் என்று பார்த்ததே இல்லை.

1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் தமிழுக்குக் கொடுத்தது ஏராளம். அந்த வழியில் நிற்கிறவர்கள், வரிசை, தடம், கம்பி, இணைப்பு என்று நல்ல சொற்கள் இருக்க இது எதற்கு என்கிறார்கள். தாராளமாக அவற்றைப் புழங்கட்டும்; ரசிப்பது வேறு, சிபாரிசு செய்வது வேறு. ஆனால் வசூலுக்குப் போகிற லைனை இந்த நான்கில் எதில் அடைப்பார்கள்? எல்லாம் ஆங்கிலத்திலேயே இருப்பதுதானே என்கிற எதிர்த்தரப்பும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. ‘லைன் அடிக்கிறான்’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி லண்டன்காரரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. நமக்குப் புரிகிறது. ஒருவர் மனதை ஆழம் பார்ப்பதற்கு ‘நூல் விடுதல்’ என்ற வழக்கு நம்மிடம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஆளிநாரில் தொடங்கிய ஒரு சொல், நூலை வைத்தே மனதைத் தொடுகிற மொழியில் வந்து காதலுக்கு ஆகியிருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இன்னொரு வார்த்தை, நமக்குள் இருக்கட்டும். ஒரே எழுத்தில் இருப்பதெல்லாம் ஒரே சொல் என்று நம்பிவிட வேண்டாம். லயன்ஸ் கிளப்பில் வருவது சிங்கம்; இலங்கை மலையகத்தில் ‘லயன்’ என்றால் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களை அடைத்துவைத்த வரிசை அறைகள், நம்முடைய இதே லைன்தான். அதற்கு ‘லயம்’ என்றும் பெயர். இசையின் லயமும் அந்த லயமும் ஓர் எழுத்துக்கூட மாறாது. பத்தடி அறையில் ஒரு குடும்பத்தின் தலைமுறைகள் பிறந்து வளர்ந்து முடிந்த துயரம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து, அதாவது 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாவதற்கு முன் நாமும் இருந்த அதே மாவட்டத்திலிருந்து, கப்பலேறிப் போனவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். நம் ஊர் லைனில் கோடும் கம்பியும் பிழைப்பும் காதலும் இருக்கின்றன. கடல் தாண்டிய லைனில் ஒரு வரலாறே குடியிருந்தது.

தொல்காப்பியரின் இரண்டாம் வகை பாக்கி இருக்கிறது, வினையாலும் பிரியாதது. அப்படிப்பட்ட இடத்தில் பேசுகிறவர் வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது அவர் விதி. “லைன் கட்டாயிருச்சு” என்று யாராவது சொல்லும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மின்சாரமும் அறும், பேச்சும் அறும், வினை கைகொடுக்காது. கேட்கிறவர் உடனே திருப்பிக் கேட்பார்: “எந்த லைனு?”