கிடை அமர்த்தும் கலை

சம்பா அறுவடை முடிந்த பின் இராமநாதபுரம் சீமையிலிருந்து செம்மறி மந்தைகளுடன் தஞ்சை வயல்களுக்கு வரும் இடையர்கள், வெண்ணாறும் வெட்டாறும் பாயும் ஊர்களில் கூட்டமாகத் தங்கி, கீதாரி எனப்படும் தலைவரின் சொற்படி கிடை அமர்த்துகின்றனர். பகலில் அரிதாளில் மேய்ந்த ஆடுகளை இரவில் வயலிலேயே வலைகட்டி அடைப்பதே கிடையாகும். இளங்குட்டிகளைக் குடாப்பு என்னும், கவிழ்த்த கூடை போன்ற மறைப்புக்குள் விடுவர்.

இதில் பெரிதும் வியக்கத்தக்கது இடம்மாற்றும் நேர்த்தியே: புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணைவிட்டு வலையை அடுத்த பகுதிக்குப் பெயர்த்து நட நட, வயல் முழுவதும் சீராக எரு ஏறுகிறது. மூத்திரத்தின் தழைச்சத்து விரைந்தும், புழுக்கையின் சத்து மெல்ல மட்கியும் பயிருக்குச் சேர்வதால், உழவர்கள் இதற்கென நெல்லோ பணமோ மனமுவந்து அளிக்கின்றனர். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபாதலால், குறுவைக்கு ஏர் பூட்டும் முன் மந்தைகள் அவ்வயல்களை விட்டு நகர்ந்தாக வேண்டும்.